1961 மொரிஸ் மைனர், கேட்கும் விலை 14 லட்சம்: நியாயமா?

கொட்டகலைக்காரன்:
வணக்கம் அண்ணன்மாரே. தலவாக்கலைப் பக்கம் ஒரு மொரிஸ் மைனர் விலைக்கு வந்திருக்கிறது. 1961, நாலு கதவு, ஸ்ரீ நம்பர் (சிங்கள ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய பதிவு எண்). தோட்டத்தில் டீமேக்கராக இருந்த ஒருவர் கடைசி வரை ஓட்டிய கார். அவர் காலமாகிவிட்டார், மகன் விற்கிறார். 14 லட்சம் கேட்கிறார், பேசிக்கொள்ளலாம் என்கிறார். கொஞ்ச காலத்துக்கு முன்தான் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறது. பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு 1098 சிசி எஞ்சின் போட்டிருக்கிறது.

இணைய விளம்பரங்களில் தேடினால் மைனர் 7 லட்சத்துக்கும் இருக்கிறது, 25 லட்சத்துக்கும் இருக்கிறது. படத்தைப் பார்த்து எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. விட்ஸ், வேகன் ஆர் என்றால் வருடத்தைச் சொன்னதும் சந்தியில் நிற்கும் யாரும் விலை சொல்லிவிடுவார்கள். இதற்கு என்ன கணக்கு? தினமும் வேலைக்குப் போக இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தான். ஆனால் பின்னொரு நாள் விற்க வேண்டி வந்தால் போட்ட காசாவது கைக்கு வர வேண்டும்.

பழைய_இரும்பு:
தம்பி, விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை. கைமாறிய விலை நம் நாட்டில் எங்கேயும் வெளியிடப்படுவதில்லை. இங்கிலாந்து, அமெரிக்காவில் ஏல விலைகள் பகிரங்கம். ஹேகர்ட்டி மாதிரியான கம்பனிகள் காரின் நிலையை 1 முதல் 4 வரை தரம் பிரித்து விலைப்பட்டியலே போடுகின்றன. நமக்கு அந்த வசதி இல்லை.

நான் செய்வது இதுதான். மைனர் விளம்பரங்களைக் குறித்து வைப்பேன். மூன்று மாதமாக அசையாமல் கிடக்கிறதா, அந்த விலைக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். ஒரு வாரத்தில் காணாமல் போனதா, உடனே அந்த நம்பருக்குப் போன் பண்ணி, "விற்றாச்சா, எவ்வளவுக்குப் போனது?" என்று கேட்பேன். விற்கும் வரை பொய் சொன்ன மனிதர்கூட விற்ற பிறகு உண்மையைச் சொல்லிவிடுவார். ஒரு சீசன் இப்படிக் கேட்டுப் பாருங்கள், நிலவரம் தெரிந்துவிடும்.

இங்கிலாந்து விலையைப் பவுணில் எடுத்து ரூபாவில் பெருக்கிப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. அது வேண்டாம். அங்கே மைனர் மலிவான பழைய கார், 16 லட்சம் வண்டிகளுக்கு மேல் செய்தார்கள். இங்கே இனி ஒரு மைனர் கப்பலில் வந்து இறங்கப் போவதில்லை, அதனால் விலை ஏறுகிறது. இந்த வயதுக் காருக்கு லீசிங் கிடைப்பதும் அபூர்வம், அதனால் ரொக்கம் வைத்திருப்பவன் மட்டும்தான் வாங்குவான். ஏறுகிற விலையை அது பிடித்து இழுக்கிறது. அவசரத்துக்கு விற்கப் போனால் இந்த இரண்டாவது விஷயம்தான் உங்களைக் கடிக்கும்.

நாவலப்பிட்டி_டீல்ஸ்:
14 மோசமில்லை தம்பி. இன்றைக்கு ஒரு மைனரைக் கழற்றி டிங்கர், பெயின்ட், சீற் வேலை, எஞ்சின் என்று செய்ய 12 லட்சத்துக்குக் குறைந்து முடியாது. அதற்கு மேல் காரின் விலை. கூட்டிப் பாருங்கள். மகன் நஷ்டத்தில்தான் விற்கிறார். இன்னும் ஆறு மாதம் போனால் 18க்கும் கிடைக்காது.

பழைய_இரும்பு:
அண்ணே, 12 லட்சம் செலவழித்தது அவர் அப்பாவின் சந்தோஷம். அதை அடுத்தவன் அப்படியே திருப்பித் தர மாட்டான். நல்ல வேலை செய்த கார் சீக்கிரம் விற்கும், கொஞ்சம் கூடுதலாக விற்கும், அவ்வளவுதான். வேலை நடந்ததற்குப் படமும் பில்லும் இருந்தால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பச்சைப் பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பதுளை_பாஸ்:
பெயின்ட் பேச்சு வந்ததால் சொல்கிறேன், நான் கராஜ்காரன். கார் பார்க்க வருகிறவர்கள் முதலில் போனட்டைத் திறந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள். மைனர் எஞ்சின் ஒரு பிரச்சினையே இல்லை. அதே ஏ சீரிஸ் எஞ்சின் பழைய மினியிலும் ஒஸ்டினிலும் ஓடியது. சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் கிடைக்கும், தெரிந்த பாஸ் (மெக்கானிக்) ஒருவர் இறக்கி ஏற்றிவிடுவார். காரின் விலையைத் தீர்மானிப்பது அதன் அடிப்பாகம். பாயை விரித்துக் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள்.

மைனருக்குத் தனிச் சேஸி கிடையாது, பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. எஞ்சினைத் தாங்கி முன்னால் ஓடும் இரண்டு கால்கள், முன் சீற்றுக்கு அடியில் குறுக்கே போகும் பெட்டி, அதன் இரண்டு முனையிலும் ஜாக் வைக்கும் இடம், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில், பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடம். இவை நல்லதென்றால் கார் நல்லது. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள், பெயின்டில் கீறல் விழாது. தகரத்தில் பிடித்து இழுக்கும், ஓட்டையை அடைத்த புட்டியில் நழுவும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகரமும் புட்டியும் வேறு வேறு சத்தம் தரும். பழைய காரின் அடியில் புத்தம் புதிதாகத் துருவைத் தடுக்கும் கறுப்பு அண்டர்சீல் பூசியிருந்தால் நான் இன்னும் கவனமாகத் தட்டுவேன்.

அடுத்தது கதவு. நாலு கதவு மைனரில் நடுத் தூணின் அடி அரித்துப் போனால் பின் கதவின் இடைவெளி மேலே ஒரு அளவாகவும் கீழே ஒரு அளவாகவும் தெரியும். ஜாக் போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கும்போது கதவு இறுகித் திறக்க மறுத்தால் விலை பேசாமல் வீட்டுக்கு வாருங்கள்.

மலைநாட்டுக் கார் துருப்பிடிக்காது என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். கடல் உப்பு இல்லை, அது சரி. ஆனால் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மழை விட்டால் மூட்டம், மூட்டம் விட்டால் மழை. மாதக்கணக்கில் ஈரம் காயாமல் கராஜில் நிற்கும் கார் உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வரும். நான் பார்த்தவரை வெலிமடை, பண்டாரவளைப் பக்கக் கார்கள் கொஞ்சம் மேல்.

கடைசியாக ட்ரனியன். முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டு கீழே ட்ரனியன் என்ற உலோகக் கட்டைக்குள் மரைபோட்டு நிற்கிறது. கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து ஒரு நாள் கழன்றுவிடும், சக்கரம் மடிந்து மட்கார்ட்டுக்குள் போய்விடும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் நடக்கும். ரதல்ல இறக்கத்தில் நடந்தால் விலை பேச ஆள் இருக்காது. ஜாக் போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள்.

கொட்டகலைக்காரன்:
நன்றி அண்ணே. காந்தத்தோடு மறுபடியும் போய் வந்தேன். வலது சில் முழுவதும் பிடிக்கிறது. இடது சில்லில் பாதிக்கு மேல் நழுவுகிறது. சாரதிப் பக்கத் தளத்தில் ஒரு தகரத் துண்டு வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள், வேலை சுமார். முன் கால்கள் இரண்டும் நல்லது. கதவு இடைவெளி ஒரே சீர். இடது முன் சக்கரம் ஆடுகிறது.

நான் போகும்போதே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக வைத்திருந்தார்கள். நானுஓயா வரை ஏறிப் பார்த்தேன், இழுவை குறைவு, கறுப்புப் புகை. எஞ்சின் போய்விட்டதா?

நுவரெலியா_பனி:
அவசரப்பட்டு எஞ்சினைக் குறை சொல்ல வேண்டாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். இங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எந்த எஞ்சினும் கிட்டத்தட்ட அதே அளவு பலத்தை இழக்கும். 1098 மைனர் புதிதாக வந்தபோதே 48 குதிரைவலு. இங்கே ஏறி வரும்போது 40க்கும் கீழே. பழைய 948 என்றால் 37 குதிரைவலுவில் ஆரம்பித்து 30ல் வந்து நிற்கும். கார்பரேற்றர் அடிவாரத்துக்குச் சரி செய்யப்பட்டிருந்தால் மேலே வரும்போது காற்றுக் குறைவு, பெற்றோல் கூடுதல். பிளக் கறுப்பாகும், புகை கறுப்பாகும். நீலப் புகை என்றால்தான் எண்ணெய் எரிகிறது.

சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கொம்ப்ரெஷன் மீற்றர் போட்டாலும் இதே கதை. கொழும்பில் 150 காட்டும் எஞ்சின் இங்கே 120 அளவில்தான் காட்டும். போன ஏப்ரல் சீசனில் கொழும்பிலிருந்து வந்த ஒரு தம்பி இதைப் பார்த்துவிட்டு நல்ல எஞ்சின் ஒன்றை "செத்தது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதையே காட்டி விலையைக் குறைக்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். எண்ணைப் பார்க்காமல் நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று கிட்ட இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் சூடாக்கி வைத்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. விடியற்காலையில் போங்கள். முதல் நாளே சொல்லிவிட்டுப் போகாதீர்கள். குளிரில் சோக்கை இழுத்து முதல் ஸ்டார்ட் எப்படி என்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பேப்பர்_மாமா:
எல்லோரும் தகரத்தையே பேசுகிறீர்கள். நான் மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள வேலைகளுக்கு அலைகிறவன். தம்பி, பதிவுப் புத்தகத்தைப் பார்த்தீர்களா? மூன்று கேள்வி. புத்தகம் யார் பெயரில்? எஞ்சின் நம்பர் புத்தகத்தில் இருப்பதும் எஞ்சினில் அடித்திருப்பதும் ஒன்றா? நிறம் பச்சை என்று மாற்றியிருக்கிறார்களா?

கொட்டகலைக்காரன்:
புத்தகம் இறந்தவர் பெயரில். எஞ்சின் 948 என்றுதான் இருக்கிறது. நிறம் சாம்பல். அப்பா கையெழுத்து மட்டும் வைத்து, திகதி போடாமல் விட்ட ஓபன் பேப்பர் இருக்கிறது, பிரச்சினை இல்லை என்கிறார் மகன்.

பேப்பர்_மாமா:
பிரச்சினை இல்லையாம்! இறந்தவர் எப்போதோ வைத்த கையெழுத்தை எம்.டி.ஏ. 6 படிவத்தில் காட்டி, இன்றைய திகதியைப் போட்டுப் பெயர் மாற்றுவது குற்றம். அப்படி மாற்றிய காரை நாளைக்கு அவருடைய இன்னொரு பிள்ளை கேட்டு வந்தால் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. மரணச் சான்றிதழ், வாரிசுகள் எல்லோருடைய சம்மதம், தேவைப்பட்டால் நீதிமன்றக் கட்டளை. முதலில் மகன் பெயருக்கு ஒழுங்காக வரட்டும், பிறகு உங்கள் பெயருக்கு. எஞ்சின் மாற்றத்தையும் நிறத்தையும் விற்பவரே பதிந்து தரட்டும். அந்த 1098 எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பற்றுச்சீட்டு வேண்டும். அது வேறொரு காரின் எஞ்சின், அந்தக் காருக்கும் ஒரு புத்தகம் இருந்திருக்கும்.

விலைக் கணக்கில் இதை எப்படிப் போடுவது? என்னைக் கேட்டால் கழிக்கவே கூடாது. பேப்பர் சரியாகும் வரை அதற்கு விலையே இல்லை, முற்பணமும் கொடுக்க வேண்டாம். 2 லட்சம் குறைத்துத் தருகிறேன், பேப்பரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். அந்த 2 லட்சத்துக்கு ஆசைப்பட்டுக் கார் வைத்திருந்தும் பெயர் இல்லாமல் வருடக்கணக்கில் அலைகிறவர்களை எனக்குத் தெரியும்.

ஹப்புத்தளை_ஈகே:
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னிடம் ஹொண்டா சிவிக் ஈகே3 இருக்கிறது. டைப் ஆர் (சிவிக்கின் வேக ரகம்) பம்பர், சிவப்பு பட்ஜ், சிவப்பு சீற், நல்ல ரிம், கொயில் ஓவர் எல்லாம் போட்டிருக்கிறேன். இதற்கு எவ்வளவு கூட்டிக் கேட்கலாம்?

பழைய_இரும்பு:
மச்சான், பட்ஜுக்குக் காசு இல்லை. உண்மையான டைப் ஆர் என்றால் சேஸி நம்பர் ஈகே9 என்று ஆரம்பிக்கும், உள்ளே 185 குதிரைவலு பி16பி எஞ்சின். உங்களுடையது ஈகே3 என்று பிளேட்டே சொல்கிறது. ஜப்பானிலும் இதே விளையாட்டு உண்டு, ஏஇ85 கொரோலாவுக்கு வேறு எஞ்சினைப் போட்டு விலை கூடிய ஏஇ86 என்று விற்றார்கள். அங்கேயும் சேஸி நம்பரில்தான் பிடிபடும்.

உங்கள் சிவிக்கை நல்ல ஈகே3 என்றே விற்கப் பாருங்கள். கழற்றி வைத்த ஒரிஜினல் பம்பர், சீற், ஸ்பிரிங் வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். ரிம்மையும் கொயில் ஓவரையும் தனியாக விற்றால் கூடுதலாக வரும். ஒருவர் ஆசையாகப் பூட்டியதை அடுத்தவர் கழற்றத்தான் போகிறார்.

ஹப்புத்தளை_ஈகே:
ஒரிஜினல் பம்பரைத் தம்பி யாருக்கோ கொடுத்துவிட்டான். சரி, தேடிப் பார்க்கிறேன்.

பெரியதுரை_ஜீப்:
மாற்றிப் பூட்டுகிற கதையில் லேண்ட் ரோவரை மிஞ்ச ஒன்றும் இல்லை. சீரிஸ் இரண்டு, இரண்டு ஏ, மூன்று எல்லாவற்றின் சாமானும் ஒன்றுக்கொன்று பொருந்தும். சீரிஸ் மூன்றின் முகத்தைக் கழற்றிப் பழைய கிரில்லைப் பூட்டி "1962 தோட்டத்து ஜீப்" என்று விற்கிறார்கள். ஓட்டிப் பாருங்கள். சீரிஸ் மூன்றில் நாலு கியருக்கும் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழச் செய்யும் அமைப்பு) உண்டு, அதற்கு முந்தியதில் மூன்றுக்கும் நாலுக்கும் மட்டும்தான். ஓடும்போது இரண்டாம் கியருக்கு இறக்கினால் வெண்ணெய் மாதிரி விழுகிறதென்றால் அந்தக் கியர்பொக்ஸ் 1971க்குப் பிந்தியது. பாடி அலுமினியம், அதற்குக் காந்தம் உதவாது. துரு இருப்பது இரும்புச் சேஸியில், அதிலும் கடைசிக் குறுக்குச் சட்டத்தில். அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியமே வெள்ளைப் பொடியாக உதிரும்.

தோட்டத்து ஜீப் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. ஜீப்புகளும் அப்படியே கைமாறின. சிலவற்றின் புத்தகத்தில் இன்னும் பழைய கம்பனியின் பெயர்தான் இருக்கிறது. கையெழுத்து வைக்க அங்கே யார் இருக்கிறார்கள்? ஏலக் கடிதம் தொடங்கி ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் காகிதம் இருந்தால் அந்த ஜீப்புக்கு நான் தயங்காமல் கூட்டிக் கொடுப்பேன்.

கொட்டகலைக்காரன்:
ஸ்ரீ நம்பருக்கென்று தனி விலை இருக்கிறதா? மகன் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

பெரியதுரை_ஜீப்:
கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் சிங்கள எழுத்தை எதிர்த்து அதன் மேல் தார் பூசிய காலத்தை வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவன் நான். அதற்கே நம் ஆட்கள் இன்று கூடுதல் காசு கொடுப்பதைப் பார்க்கும்போது சிரிப்புத்தான் வருகிறது.

ஆனால் நம்பர் பிளேட் வேறு வகையில் உதவும். ஸ்ரீ வந்தது 1950களின் பிற்பகுதியில். அதற்கு முன் ஆங்கில எழுத்து நம்பர். மைனரில் நடுவில் கம்பி போட்ட இரட்டை முன் கண்ணாடி 1956 வரைதான். இரட்டைக் கண்ணாடி மைனரில் மிகப் பிந்திய ஸ்ரீ நம்பரைக் கண்டால், பாடி எங்கிருந்து வந்தது, நம்பர் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். புத்தகத்தை மட்டும் வாங்கி வேறு பாடிக்குப் பூட்டுகிற வேலை நம் நாட்டில் புதிதல்ல. உங்கள் 1961க்கு ஸ்ரீ நம்பர் பொருத்தம்தான். தூணில் கைகாட்டி சிக்னல் (திரும்பும்போது வெளியே நீளும் சின்னக் கை) இருக்கிறதா? 1961 கடைசியில்தான் அதை நிறுத்தினார்கள்.

கொட்டகலைக்காரன்:
கைகாட்டி இல்லை. ஓட்டையைத் தகரம் வைத்து மூடிப் பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

நாவலப்பிட்டி_டீல்ஸ்:
இப்படி ஒவ்வொன்றாகக் குறை பிடித்துக்கொண்டே இருந்தால் கார் போய்விடும். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும்.

பழைய_இரும்பு:
ஏறியது தினமும் ஓடும் கார்களின் விலை. வேறு வழியில்லாமல் வாங்கினார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு அந்தக் கணக்கும் மாறிவிட்டது. ஆசைக்கு வாங்கும் கார் அப்படியே பின்னால் போவதில்லை. 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது, எரிபொருள் பங்கீட்டுக் கியூஆரில் காருக்கு வாரம் 20 லீற்றர். அந்த மாதங்களில் பெரிய எஞ்சின் கார் வைத்திருந்தவர்கள் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அப்போது வாங்கியவர்கள் கெட்டிக்காரர்கள். டொலர் ஏறியதால் இங்கிலாந்துச் சாமான் விலை கூடியது உண்மை, ஆனால் அது வேலை முடிந்த காருக்குத்தான் இலாபம். வேலை மிச்சமுள்ள காருக்கு அதே காரணத்தால் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

பதுளை_பாஸ்:
தம்பியின் காருக்கு நான் போடும் கணக்கு. மேலிருந்து கீழே வர வேண்டும், செலவைக் கூட்டிக்கொண்டு மேலே போகக் கூடாது. எனக்குத் தெரிந்து நம் பக்கம் கைமாறிய, அப்படியே ஓட்டக்கூடிய நாலு கதவு மைனர் 12, 12½. இடது சில்லையும் தளத்தையும் வெட்டி ஒழுங்காகச் செய்து அந்தப் பச்சையைச் சேர்த்து அடிக்க 2 லட்சம் வைத்துக்கொள்ளுங்கள், வெட்டிப் பார்த்தால் கூடும், குறையாது. ட்ரனியன் இரண்டு பக்கமும், பிரேக் முழுவதும், டயர் என்று ஒன்றேகால். 1098 எஞ்சினுக்கு நான் கூட்டவும் மாட்டேன், கழிக்கவும் மாட்டேன். சுத்த ஒரிஜினல் தேடுகிறவன் அதனால் ஒதுங்குவான், நம் ஏற்றத்தில் ஓட்டுகிறவன் அதற்காகவே வருவான். கைகாட்டி இல்லாததற்குக் கொஞ்சம் கழியுங்கள். பேப்பர் மாமா சொன்னது முடிந்தால் 9 லட்சம் நியாயம். 8½ல் பேச்சைத் தொடங்குங்கள்.

ஒரே வீட்டுக்காரர் வைத்திருந்த கார், கதவு சீர், முன் கால் நல்லது. இவை சின்ன விஷயம் இல்லை. 9½ வரை போனாலும் நான் திட்ட மாட்டேன்.

நாவலப்பிட்டி_டீல்ஸ்:
9க்கு அவர் தர மாட்டார்.

பதுளை_பாஸ்:
தராவிட்டால் வேண்டாம். அவர் காருக்கு அவர் விலை வைக்க உரிமை இருக்கிறது.

கொட்டகலைக்காரன்:
போய்ப் பேசினேன். விடியற்காலை ஸ்டார்ட் நன்றாக இருந்தது, சோக்கோடு இரண்டாவது முறையில் பிடித்தது, நீலப் புகை இல்லை. கணக்கை அவர் முன்னாலேயே தாளில் எழுதிக் காட்டினேன். முதலில் கோபப்பட்டார். இடது சில்லில் காந்தத்தை அவர் கையிலேயே கொடுத்ததும் அமைதியாகிவிட்டார். அப்பா பெயின்ட் அடிக்கக் கொடுத்தபோது உள்ளே என்ன செய்தார்கள் என்று அவருக்கே தெரியாதாம். 10க்கு வந்திருக்கிறார். அக்கா ஒருவர் கனடாவில் இருக்கிறார், அவருடைய சம்மதக் கடிதம் வர வேண்டும். காரைத் தன் பெயருக்கு மாற்றி, எஞ்சினையும் நிறத்தையும் பதிந்து தந்தால் 9½ என்று சொல்லிவிட்டு வந்தேன். முற்பணம் கொடுக்கவில்லை.

பேப்பர்_மாமா:
நல்லது. கடிதம் வந்ததும் சொல்லுங்கள், படிவங்களைப் பார்த்துத் தருகிறேன். அதுவரை புத்தகத்தின் போட்டோப் பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். சேஸி நம்பரைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுத்து அதோடு ஒப்பிடுங்கள்.

கொட்டகலைக்காரன்:
சரி மாமா. பாஸ் அண்ணே, அடுத்த வாரம் கொழும்புக்கு ஒரு வேலையாகப் போகிறேன். பேச்சு முடிகிற மாதிரி இருப்பதால் ட்ரனியன் விலையைப் பஞ்சிகாவத்தையில் கேட்டு வைக்கலாமா? என்ன சொல்லிக் கேட்பது?

பதுளை_பாஸ்:
விலை கேளுங்கள், வாங்க வேண்டாம், கார் இன்னும் உங்களுடையது இல்லை. மைனர் 1000 கீழ் ட்ரனியன் என்று கேளுங்கள். இடதும் வலதும் வேறு வேறு, மரை எதிர்ப் பக்கமாக ஓடும். இரண்டும் ஒன்றுதான் என்று ஒரே பக்கத்தில் இரண்டைக் கட்டித் தருவார்கள், பார்த்து வாங்குங்கள். தண்டின் மரையும் தேய்ந்திருந்தால் ட்ரனியனை மட்டும் மாற்றி வேலையில்லை, அதனால் தண்டோடு சேர்த்து என்ன விலை என்றும் கேட்டு வாருங்கள்.